ஒரு பித்தளைப் பிரசவம்

என் வேலை மேசையின் இடது மூலையில் ஒரு வெற்றுத் தோட்டாக் கோது நிற்கிறது. சுண்டுவிரலை விடக் கொஞ்சம் குட்டை. பித்தளையின் மினுக்கம் போய், தேநீர்க் கறை படிந்த நிறத்துக்கு வந்துவிட்டது. அடிவிளிம்பு ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. அடியின் நடுவில் கால் அங்குல போல்ட் ஒன்று திருகியிருக்கிறது. அந்த போல்ட்டின் தலைதான் அதற்குப் பாதம். அதைச் சுற்றி, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. நீல மையில் எழுதியிருக்கும்: பெண். மாலை ஆறு பத்து. எடை கால் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவு. தாய் என்ற இடத்தில் என் பெயர். மருத்துவிச்சி என்ற இடத்தில் அக்காவின் கையெழுத்து.

உடைந்த இரும்பையும் வெடித்த குழாயையும் தூக்கிக்கொண்டு எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். இங்கே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள், அடுத்து இந்தக் கோதைப் பார்த்துத் திகைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே கதைதான். ஐந்து வருடத்துக்கு முன், ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடந்தது. இப்போது நினைத்தாலும் என் உள்ளங்கை சூடாகிறது.

அக்கா எனக்கு உடன்பிறந்தவள் இல்லை. மெல்பர்னில், பிரன்ஸ்விக் பகுதியில் நான் குடியிருந்த வாடகை வீட்டில் பக்கத்து அறைக்காரி. யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட நான்கு வயது மூத்தவள், பிரசவ வார்டில் மருத்துவிச்சி. நான் மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிறவர்கள். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கப்பல் ஏறிப் படிக்கப்போன முதல் ஆளும் நான். அதுவும் உலோகவியல்! எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அந்தச் சொல்லை மூன்று முறை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பொண்ணு இரும்புக் கடை வைக்கப் போவுதா?" என்று அப்பாவிடம் கேட்டாராம். அப்பா, "வைக்கட்டுமே" என்றாராம்.

அக்கா துப்பாக்கி சுடுவாள். கூட வேலை செய்த ஒரு நர்ஸ் தன் அப்பாவின் பண்ணைக்கு முயல் வேட்டைக்கு அழைத்துப்போக, அக்கா முதல் தடவையிலேயே வேலியில் வைத்த தகர டப்பாக்கள் ஆறையும் வீழ்த்திவிட்டாளாம். முயலைச் சுட மனம் வரவில்லை. டப்பாவை விடவும் மனம் வரவில்லை. அடுத்த மாதமே ஒரு துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பளித் தொப்பியும் பெரிய கோட்டுமாக, இந்த ஊர் ஆண்களின் வரிசையில் வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்து, நூறு கெஜத்துக்கு அப்பால் இருக்கும் காகித வட்டத்தைத் துளைப்பாள். எழுந்து வரும்போது முழங்கையில் சேறும் முகத்தில் சிரிப்பும் இருக்கும்.

அவளுடைய துப்பாக்கிக்கு ஒரு குணம். கடையில் விற்கிற தோட்டாவைப் போட்டால் இலக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெறிக்கும். அவளே வீட்டில் நிரப்பிய தோட்டாவென்றால் எல்லாம் ஒரு தேநீர்க் கரண்டிக்குள் அடங்கும். அதனால் எங்கள் வீட்டின் துணி துவைக்கும் அறையில், தொட்டிக்குப் பக்கத்துப் பலகையில், கழகச் செயலாளர் இரவல் தந்த பிரஸ் ஒன்று பூட்டியிருந்தது. தண்ணீர் பம்புபோல ஒரு கைப்பிடி; உச்சியில் திருகிய கெட்டியான எஃகு அச்சு, அதை டை என்பார்கள்.

சுட்ட கோது வெடியின் அழுத்தத்தில் கொஞ்சம் ஊதிப்போகும். மறுபடி பயன்படுத்த அதை டைக்குள் தள்ளிப் பழைய அளவுக்கு இறுக்க வேண்டும். வெறும் கோதைத் தள்ளினால் பித்தளை எஃகைக் கவ்விக்கொள்ளும். எனவே முதலில் லேசாகக் கொழுப்புப் பூச வேண்டும். அக்கா மருந்துக்கடையில் விற்கிற லேனோலினைப் பூசுவாள். ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கிற அந்த மஞ்சள் மெழுகுக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை.

முதல்முறை அவள் கைப்பிடியை இறக்கியபோது நான் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். கோது மெல்ல மேலேறி டைக்குள் மறைந்து, திரும்ப இறங்கியது, ஒல்லியாக, பளபளவென்று. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்த வாரம்தான் எங்களுக்கு வகுப்பில் பித்தளையின் குணம் பற்றி நடந்திருந்தது: எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம், நசுக்க நசுக்க இறுகும், சூடு காட்டினால் இளகும். மழைக்காலத்தில் இந்தியக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக் கோதுகள், யாரும் தொடாமலே, குதிரை மூத்திரத்தின் காட்டத்தில் வெடித்துப் பிளந்த கதையைப் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தது மட்டும்தான். பட்டறை வகுப்பில் பதினெட்டுப் பையன்கள், நான் ஒருத்தி. அவர்கள் இயந்திரத்தில் நிற்பார்கள். பட்டறை ஆசிரியர் என்னிடம் அளவுப் புத்தகத்தைக் கொடுத்து, "உன் எழுத்து அழகு, நீ குறித்துக்கொள்" என்பார். ஒரு வருடமாக மற்றவர்கள் வெட்டியதை நான் எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே, சோப்புத் தூள் மணக்கும் அறையில், பாடம் என் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது.

"அக்கா, இத நான் செய்றேன்க்கா. நீங்க சமைங்க."

"ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது? கலியாணம் கட்டாத ரெண்டு பொம்பிளையள், ஒருத்தி குசினியிலை புட்டு அவிக்கிறாள், மற்றவள் பின்னுக்கு தோட்டா செய்யிறாள் எண்டோ?"

"துப்பாக்கி சுடுறவங்கதான் சமைக்கிறாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. அதுதான் அவங்களுக்கு அதிர்ச்சியா இருக்கும்."

அப்படித்தான் பங்கு பிரிந்தது. கோதுக்குக் கொழுப்புப் பூசி டைக்குள் இறுக்குவது என் வேலை. வெடிமருந்தும் ஈயமும் அவள் பொறுப்பு. அதன் பக்கம் என்னை அண்டவிடமாட்டாள். கொழுப்புப் பூசுவது பற்றி எனக்கு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கண்ணுக்குத் தெரியக்கூடாது, விரலுக்குத் தெரியவேணும்."

அந்த ஜூலையில் கழகத்தின் ஆண்டுப் போட்டி வந்தது. இருபது சூடு. முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் கழகத்தின் அணியில் வெளியூர்ப் போட்டிக்குப் போவார்கள். அந்த அணியில் பெண் எவரும் இருந்ததில்லை, கறுத்த முகமும் இருந்ததில்லை. அக்கா ஒரு மாதமாக வேறு எதுவும் பேசவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து, கூடத்துக் கம்பளத்தில் படுத்து, வெறுந்துப்பாக்கியால் சுவரில் ஒட்டிய பொட்டைக் குறிபார்த்து மூச்சு விடப் பழகுவாள். அந்தத் துப்பாக்கிக்குப் பழகிய நல்ல கோதுகள் மொத்தம் இருபத்திரண்டு. இருபது போட்டிக்கு, இரண்டு முன்னோட்டத்துக்கு. சனிக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "நாலு மணிக்கு வருவன். கோதெல்லாம் தயாராய் இருக்கவேணும், என்ன? போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு லேனோலின் டப்பாவைத் திறந்தேன். அடியில் தகரம் பளிச்சென்று தெரிந்தது. அதைக் காலிசெய்தது நான்தான். மெல்பர்ன் குளிரில் என் குதிகால்கள் வெடித்து ரத்தம் கசிந்தன. செருப்பில்லாமல் ஈரத் தோட்டத்தில் நடந்தபோது வராத வெடிப்பு, கம்பளிக் காலுறைக்குள் வந்தது. மூன்று வாரமாக, படுக்கப்போகுமுன் டப்பாவிலிருந்து விரலால் வழித்துக் காலில் பூசியிருந்தேன். வாங்கி வைத்துவிடலாம், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். சனிக்கிழமை பன்னிரண்டுக்குப் பிறகு இந்த ஊரில் கடைகள் எல்லாம் மூடிவிடும், மருந்துக்கடையும் மூடிவிட்டது. திங்கள் வரை ஊர் தூங்கும்.

தேங்காயெண்ணெய் ஞாபகம் வந்தது. எண்ணெய் எண்ணெய்தானே! போத்தலில் மெழுகுவத்திபோல வெள்ளையாக உறைந்து கிடந்ததை வெந்நீரில் வைத்து உருக்கினேன். பயத்தில் கை தாராளமாகிவிட்டது. நாங்கள் தலைக்கு எண்ணெய் வைப்பதென்றால் நெற்றியில் வழியவேண்டும், அந்தப் பழக்கம். முதல் நான்கு கோது சுலபமாக உள்ளே போய் வந்தன. வெளிச்சத்தில் பார்த்தால், கோது குறுகுகிற தோள்பட்டையில், பெருவிரலால் அமுக்கியதுபோலப் பள்ளம். அதிகப்பட்ட எண்ணெய் போக இடமில்லாமல் பித்தளையையே உள்ளே தள்ளியிருந்தது. உடனே மறுகோடிக்குப் போனேன். ஐந்தாவதைத் துணியால் நன்றாகத் துடைத்தேன். துடைத்து, இன்னொரு தரமும் துடைத்தேன். கைப்பிடியை இறக்கினேன். முழுவதும் உள்ளே போயிற்று. திரும்பத் தூக்கினேன். வரவில்லை. உடம்பின் கனம் முழுவதையும் போட்டுத் தூக்கினேன். 'சடக்'. அடிவிளிம்பு கிழிந்து, கோது டைக்குள்ளேயே இறுகிக்கொண்டது.

அக்கா வந்தபோது நான் அந்தத் தொட்டியோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னடி, செத்த வீட்டிலை நிக்கிற மாதிரி நிக்கிறாய்?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். குதிகால், டப்பா, தேங்காயெண்ணெய், எல்லாம்.

"காலுக்கோ?" என்றாள். "என்ர லேனோலினைக் காலுக்கோ பூசினனி?"

"ஆமாக்கா. ரத்தம் வந்துச்சு. சொல்லணும்னு நெனச்சேன், சொல்லல."

அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கவிழ்த்துவைத்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். டை இரவல் பொருள். அது இல்லாமல் மிச்சம் பதினேழு கோதையும் இறுக்க முடியாது. கடைத் தோட்டாவோடு போனால் அவள் தோற்பது நிச்சயம். போகாமலே இருந்தால், "பார்த்தாயா, பெண் வரவில்லை" என்பார்கள்.

பிறகு எழுந்து, டையைக் கழற்றி, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தாள். வார்டில் அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது. "தலை மேலை, கால் கீழை. பிடிச்சு இழுக்க ஒண்டும் இல்லை" என்றாள். "நான் பிள்ளை பெறுவிக்கப் படிச்சனான். நீ இரும்பு பித்தளைக்குப் படிக்கிறாய். உன்ர புத்தகத்திலை இதுக்கு ஒரு வழியும் இல்லையோ?"

பிடித்து இழுக்க ஒன்றும் இல்லை. அந்த வார்த்தைதான் எனக்குள் விளக்கைப் போட்டது. பிடி இல்லையென்றால் பிடி ஒன்றைச் செய்துவிட்டால் போகிறது!

"புத்தகத்துல இல்லக்கா. ஆனா என் பெட்டியில இருக்கு."

கல்லூரியில் சேர்ந்தபோது ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கருவிப் பெட்டி. அதில், ஓட்டைக்குள் போல்ட்டுக்கு மரை வெட்டும் கால் அங்குல டேப்பும் அதைத் திருகும் கைப்பிடியும் இருந்தன. பட்டறையில் எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவிக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன். ஓட்டை போட டிரில் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுக் கிரேக்கத் தாத்தாவின் கொட்டகையில் இல்லாத சாமான் கிடையாது. அக்கா வேலியைத் தாண்டியே ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவள் ஒரு கையில் டிரில், மறு கையில் ஒரு சின்னக் குழாய் மருந்து. முகம் ஜொலித்தது.

"எடியே, அந்த வீட்டிலை பிள்ளை அழுகுது! மருமகள் பெத்து ரெண்டு கிழமை. பால் குடுக்கிற தாய்மாருக்கு முலைக்காம்பு வெடிச்சால் என்ன பூசுறது? ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்லுறன் நான்! லேனோலின்! முழுக் குழாயும் தந்திட்டாள், விசரி, காசும் வேண்டாம் எண்டிட்டாள்!"

டையைப் பலகையோரத்து மேசைப்பிடியில், அந்த இரும்பு இடுக்கியில், கவிழ்த்து இறுக்கினேன். கோதின் அடியில் ஏற்கெனவே இருக்கிற குழியின் நேர் நடுவில் டிரிலை வைத்தேன். சரிந்தால் டையின் சுவரில் கீறல் விழும், எல்லாம் முடிந்தது. மெல்லச் சுற்ற ஆரம்பித்தேன். பித்தளைச் சுருள்கள் பொன் மயிர்போல மேலே வந்தன. ஓட்டை விழுந்ததும் டேப்பை வைத்தேன். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. வெட்டுத்தூள் உடைய வேண்டும், அவசரப்பட்டால் டேப் முறிந்துவிடும். ஒரு வருடம் எழுதிய அளவுப் புத்தகம் முழுவதும் என் மணிக்கட்டுக்குள் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. யாருக்கோ நான் குறித்து வைத்த ஒவ்வொரு வரியும் என்னுடையதாக இருந்தது!

டையின் வாயில் தண்ணீர்க் குழாயின் ஒரு துண்டு, அதன்மேல் வாஷர், அதன் வழியே போல்ட். வெட்டிய மரையில் போல்ட் இதமாகப் பிடித்தது. ஸ்பனரை வைத்துத் திருகினேன். போல்ட்டின் தலை வாஷரில் அழுந்த, கோது வெளியே வர வேண்டும்.

"மூச்சை விடு பிள்ளை, மூச்சை விடு," என்றாள் அக்கா, முழங்காலில் உட்கார்ந்து. என்னிடம் சொன்னாளா, கோதிடம் சொன்னாளா, தெரியாது. "இப்ப தள்ளு. இன்னும் கொஞ்சம். நல்ல பிள்ளை. தலை தெரியுது, தள்ளு!"

"தலை கடைசியிலதான் வரும்க்கா. கால்தான் முன்னாடி வருது."

"பரவாயில்லை, கால் முன்னுக்கு வாறதும் எத்தினையோ பாத்திட்டன். திருப்பு!"

கிறீச் என்று ஒரு முனகல். பிறகு போத்தல் மூடி கழன்றதுபோல 'டக்'. போல்ட்டோடு சேர்ந்து கோது என் கைக்கு வந்தது, இளஞ்சூடாக. அக்கா டைக்குள் விரலை விட்டுத் தடவினாள். கீறலே இல்லை.

"பிறந்திட்டுது!" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. மணி ஆறு பத்து. கைப்பையில் கிடந்த ஆஸ்பத்திரிப் பட்டையை எடுத்து அங்கேயே எழுதிக் கட்டினாள்.

மிச்சம் பதினேழு கோதுக்கும் நான்தான் லேனோலின் பூசினேன். கண்ணுக்குத் தெரியாமல், விரலுக்குத் தெரிய. ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு போய், வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் எண்ணிக்கை இருபத்தொன்றுதான், அதில் நான்கு பள்ளம் விழுந்தவை. அக்கா அந்த நான்கையும் வரிசையாக வைத்தாள்.

"நீ படிச்சனி, சொல்லு. வெடிக்கேக்கை இந்தப் பள்ளம் நேராகுமோ?"

என்னை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. விரல் நகத்தால் பள்ளத்தைத் தடவினேன். மடிப்பும் இல்லை, வெடிப்பும் இல்லை. "ஆகும்க்கா. உள்ளேருந்து வர்ற அழுத்தம் ஊதித் தள்ளிடும்."

"சரி. அப்ப அதுகள் கடைசி நாலு."

"ஏன்க்கா கடைசி?"

"கடைசியிலை பயம் இருக்கெண்டால் முதல் பதினாறையும் ஒழுங்காய்ச் சுடுவன்."

மறுநாள் காலை, போட்டி தொடங்குமுன்னே, அக்கா டையைச் செயலாளரிடம் கொடுத்து நடந்ததைச் சொல்லிவிட்டாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. அவர் டையை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தக் கோதையும் போல்ட்டையும் பார்த்தார், மரையைத் திருகிப் பார்த்தார். யார் வெட்டியது என்று கேட்டார். அக்கா என் தோளைப் பிடித்து முன்னே தள்ளி, இவள் என் மெட்டலர்ஜிஸ்ட் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பட்டம் வாங்க எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார்.

அக்கா ஒரே ஒரு முன்னோட்டச் சூட்டோடு தொடங்கினாள். நான் பின்னால் நின்று என் கையுறையைக் கடித்துக்கொண்டிருந்தேன். பதினாறு சூடு முடிந்தபோது அவளும் இன்னொருவரும் நான்காம் இடத்தில் சமம். பதினேழாவது: கறுப்பு வட்டத்துக்குள். அவள் சூடான கோதை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே, தோளுக்கு மேலாக என்னிடம் எறிந்தாள். பிடித்தேன், விரல் சுட்டது. தோள்பட்டையைப் பார்த்தேன். பள்ளம் இல்லை! கன்னம்போல வழுவழுப்பு. "ஆயிடுச்சுக்கா!" என்று நான் அலற, பக்கத்தில் இருந்தவர்கள் உஷ் என்றார்கள். அக்காவின் முதுகு சிரிப்பில் குலுங்கி அடங்கியது தெரிந்தது. அடுத்த மூன்றும் கறுப்புக்குள்தான். மொத்தப் புள்ளி சமம். சமமானால் கடைசிச் சூடுகளில் யார் மேல் என்று பின்னாலிருந்து பார்ப்பார்கள். அக்காவின் கடைசிச் சூடு நடுப்புள்ளியைத் தொட்டிருந்தது. நான்காம் இடம்! அணியில் அவள் பெயரைச் செயலாளர் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதும்போது, எழுத்து ஒவ்வொன்றையும் அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்.

திங்கட்கிழமை பட்டறை வகுப்பில் ஆசிரியர் வழக்கம்போல அளவுப் புத்தகத்தை நீட்டினார். நான் அதை வாங்காமல், கோதையும் போல்ட்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். பட்டையில் எழுதியிருந்ததையும் படித்தார். பிறகு அந்தப் புத்தகத்தை எனக்கு அடுத்து நின்ற பையனிடம் கொடுத்துவிட்டு, எனக்கு இயந்திரத்தின் பக்கம் வழிவிட்டார். அப்பாவுக்கு இதை எழுதினேன். கிராணி படித்துக் காட்டியிருப்பார். பதிலில் ஒரே ஒரு வரிதான் அப்பா எழுதச் சொன்னது: "கை பத்திரம். ஆனா நிறுத்தாத."

அக்கா கல்யாணமாகி பெர்த்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நேற்று இந்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்தே தொலைபேசியில் பிடித்தேன்.

"கஷ்டமா இருந்துச்சாக்கா?"

"கடைசியிலை கொஞ்சம் இறுகிப்போச்சு, பிள்ளை. நான் டொக்டருக்குச் சொன்னனான், மெல்பேணிலை எனக்கொரு மெட்டலர்ஜிஸ்ட் இருக்கிறாள், ஏலாட்டில் அவளைக் கூப்பிடுங்கோ, ஸ்பனரோடை வருவாள் எண்டு."

நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பின்னால் குழந்தையின் குரல் கேட்டது, நல்ல கணீர்க் குரல்.

"அதை விடு. எங்கடை மூத்தவள் என்ன செய்யிறாள்?"

மேசையின் இடது மூலையைப் பார்த்தேன்.

"நிக்குறாக்கா," என்றேன். "நேரா நிக்குறா."